கால் ரத்தக்குழாய் அடைப்பு: ஆயுளைச் சொல்வது எடையா, தசையா?

காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில் கொழுப்புப் படிந்து ஓட்டம் குறைந்துவிட்டது என்று தெரிந்த உடனே, நோயாளியும் குடும்பமும் கேட்பது காலைப் பற்றித்தான். விரலை எடுக்க வேண்டியிருக்குமா, ஆஞ்சியோ போதுமா, பைபாஸ் வரைக்கும் போகுமா என்று கேட்கிறார்கள். இந்தக் கவலை நியாயமானது. ஆனால் நடக்கும்போது மட்டும் கால் வலிக்கிறது என்று வருபவர்களில் காலை இழப்பவர்கள் சிலரே. மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் உயிரை இழப்பவர்கள் அவர்களைவிட அதிகம்.

கலிபோர்னியாவின் சான் டியாகோவில் மைக்கேல் கிரிக்கி தலைமையிலான குழு 10 ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்து 1992-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. காலின் பெரிய தமனிகளில் அடைப்பு இருந்தவர்கள் எந்தக் காரணத்தாலாவது இறக்கும் வாய்ப்பு, அடைப்பு இல்லாதவர்களைவிட ஏறத்தாழ 3 மடங்கு இருந்தது. இதயம், ரத்தக்குழாய் சார்ந்த மரணம் ஏறத்தாழ 6 மடங்கு. காலில் தெரியும் அடைப்பு, உடலெங்கும் உள்ள குழாய்களின் நிலையைச் சொல்லும் முன்னறிவிப்பு.

அப்படியானால் ஒரே அளவு அடைப்பு உள்ள இருவரில் ஒருவர் 15 ஆண்டுகள் வாழ, மற்றவர் 3 ஆண்டுகளில் இறப்பது ஏன்? வயது, புகை, சர்க்கரை, சிறுநீரகம் என்று பல காரணங்கள் உண்டு. கடந்த 20 ஆண்டுகளில் ஆய்வாளர்கள் அழுத்தமாகச் சேர்த்திருக்கும் இன்னொரு காரணம், அந்த உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு எங்கே தங்கியிருக்கிறது என்பது. இதுவரை கிடைத்த சான்றுகளைப் படித்தால் எனக்கு ஒரு முடிவு தெளிவாகிறது. இந்த நோயாளிகளின் எடையை மட்டும் பார்த்து அறிவுரை சொல்வது போதாது. சில நேரம் அது ஆபத்தும்கூட.

நோயின் பரப்பு

2015-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகில் சுமார் 23.6 கோடிப் பேருக்குக் கால் தமனி அடைப்பு இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட நான்கில் மூன்று பங்கினர் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளில் வாழ்பவர்கள். சென்னையில் டாக்டர் வி. மோகனின் குழு நகர்ப்புற மக்களிடையே நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தத்தில் 3.2 சதவீதம் பேருக்கும், சர்க்கரை நோய் உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும் இந்த அடைப்பு இருந்தது.

கண்டுபிடிக்கும் முறை எளிது. கணுக்காலில் ரத்த அழுத்தத்தை அளந்து, கையில் அளந்த அழுத்தத்தால் வகுக்க வேண்டும். விடை 0.90 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு இருக்கிறது. நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளில் குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி இறுகிப்போவதால் இந்த எண் 1.40-ஐத் தாண்டி, பொய்யாக நல்ல செய்தி சொல்லலாம். அப்போது கால் விரலில் அழுத்தம் பார்க்க வேண்டும்.

நோய் முற்றிய நிலையில் படுத்திருக்கும்போதும் கால் வலிக்கும், புண் ஆறாது, விரல் கறுக்கும். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு எந்தச் சிகிச்சை சிறந்தது என்று பார்க்க பிரிட்டனை மையமாகக் கொண்டு நடந்த பேசில்-2 ஆய்வு 2023-இல் வெளிவந்தது. 345 பேரில் ஒரு பாதிக்குச் சிரையெடுத்துப் பைபாஸ். மறுபாதிக்கு ஊசி வழியே குழாயைத் திறக்கும் சிகிச்சை. ஆய்வுக் காலம் முடிவதற்குள் முதல் குழுவில் 53 சதவீதம் பேரும் இரண்டாவது குழுவில் 45 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். எந்த முறை மேல் என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். எந்தக் கதவு வழியாகப் போனாலும் பாதிப் பேர் சில ஆண்டுகளில் இறந்துபோகும் நிலை இது என்றால், குழாயைத் தாண்டியும் நாம் பார்க்க வேண்டும்.

பருமனானவர்கள் கூடுதலாக வாழ்ந்த புதிர்

எடைக்கும் ஆயுளுக்கும் உள்ள தொடர்பைத் தேடிய முதல் ஆய்வுகள் எதிர்பாராத விடையைத் தந்தன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் குழு, ஒரே மருத்துவமனையில் பெரிய ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 2,392 பேரின் விவரங்களை 2008-இல் வெளியிட்டது. சுமார் 4 ஆண்டுக் கண்காணிப்பில் எடை குறைந்தவர்களில் 54 சதவீதமும், இயல்பு எடையினரில் 50 சதவீதமும், எடை கூடியவர்களில் 40 சதவீதமும், பருமனானவர்களில் 31 சதவீதமும் இறந்திருந்தார்கள். எடை கூடக்கூட மரணம் குறைந்தது! பருமன்தான் ரத்தக்குழாய்க்கு எதிரி என்று சொல்லிவந்த மருத்துவத்துக்கு இது இடித்தது. இதயச் செயலிழப்பிலும் டயாலிசிஸ் நோயாளிகளிடமும் இதே போக்கு ஏற்கெனவே தென்பட்டிருந்ததால் 'பருமன் முரண்' என்ற பெயரும் நிலைத்தது.

பருமன் காப்பாற்றுகிறது என்று இதைப் படிப்பது அவசரம். ராட்டர்டாம் குழுவே தன் கணக்கை மறுபடி பிரித்துப் பார்த்தது. மெலிந்தவர்களிடையே கடுமையான நுரையீரல் அடைப்பு நோய் மிகுந்திருந்தது. அதையும் கணக்கில் சேர்த்ததும், மெலிவுக்கும் மரணத்துக்கும் இருந்த தொடர்பு புள்ளியியல் உறுதியை இழந்தது. புகை ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது: கால் தமனியை அடைக்கிறது, நுரையீரலைக் கெடுக்கிறது, உடலை மெலிய வைக்கிறது. அந்த மெலிவைத் தராசில் மட்டும் பார்ப்பவருக்கு அது 'இயல்பு எடை' என்று தெரியும்.

இரண்டாவது காரணம், நோய் முந்தியதா மெலிவு முந்தியதா என்ற குழப்பம். சிறுநீரகம் கெட்டவர், புற்றுநோய் மறைந்திருப்பவர், ஆறாத புண்ணோடு மாதக்கணக்கில் பசியற்றுக் கிடந்தவர் எல்லோரும் எடை குறைந்துதான் ஆய்வுக்குள் வருகிறார்கள். அவர்கள் விரைவில் இறப்பதற்கு மெலிவு காரணம் என்பதைவிட, மெலிய வைத்த நோயே காரணம் என்பது பொருந்தும். பருமன் நடையைக் காக்கவில்லை என்பதற்கும் சான்று உண்டு. சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் மேரி மெக்டெர்மாட் குழு 2006-இல் காட்டியபடி, கால் அடைப்பு நோயாளிகளில் பருமனானவர்களின் நடக்கும் திறன்தான் விரைவாகச் சரிந்தது.

மூன்றாவது காரணம் அளவுகோலிலேயே இருக்கிறது. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் சூத்திரத்தை 1830-களில் வகுத்தவர் பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்டலே. மக்கள்தொகையின் சராசரி மனிதனைத் தேடிய புள்ளியியலாளர் அவர், மருத்துவர் அல்ல. அதற்கு பி.எம்.ஐ. என்ற பெயரைத் தந்தது 1972-இல் ஆன்செல் கீஸ் குழு. ஒரு கிலோ தசையையும் ஒரு கிலோ கொழுப்பையும் இந்தச் சூத்திரத்தால் பிரித்துப் பார்க்க முடியாது. பருமனானவர் அந்த எடையைச் சுமப்பதற்கே தசையும் கூடுதலாக வைத்திருப்பார். அப்படியானால் அவரைக் காத்தது கொழுப்பா, கூடவே இருந்த தசையா என்ற கேள்விக்கு பி.எம்.ஐ. விடை தராது.

ஸ்கேன் படத்தில் தெரிந்த விடை

விடையைத் தேடியவர்களுக்குக் கையருகிலேயே ஒரு கருவி இருந்தது. கால் அடைப்பு நோயாளிகள் பலருக்குச் சிகிச்சைக்கு முன் வயிறு முதல் பாதம் வரை சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். குழாயைப் பார்க்க எடுத்த அதே படத்தில் தசையும் இருக்கிறது. இடுப்பு முதுகெலும்பின் மூன்றாவது எலும்பு மட்டத்தில் உடலைக் குறுக்கே வெட்டியதுபோன்ற ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டால் போதும். நடுவில் எலும்பு, அதன் இரு புறமும் உருண்டையாக சோவாஸ் தசை, பின்னால் முதுகுத் தசைகள், சுற்றிலும் வயிற்றுச் சுவர்த் தசை, உள்ளே குடலைச் சூழ்ந்த கொழுப்பு, வெளியே தோலடிக் கொழுப்பு. இந்த ஒரு படத்தின் தசைப் பரப்பு, உடல் முழுவதிலும் உள்ள தசையின் அளவோடு நன்றாக ஒத்துப்போகிறது.

ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகக் குழு இப்படி அளந்து 2015-இல் வெளியிட்ட ஆய்வு பலரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. காலை இழக்கும் அபாயத்தில் இருந்த 64 பேரை எடுத்துக்கொண்டார்கள். அந்த மட்டத்தில் தசைப் பரப்பு ஆண்களுக்கு 114 சதுர சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 89.8-க்கும் கீழே இருந்தால் தசைக்குறைவு என்று வைத்தார்கள். 5 ஆண்டுகளுக்குப் பிறகு தசை இருந்தவர்களில் 77.5 சதவீதம் உயிரோடு இருந்தார்கள். தசை குறைந்தவர்களில் 23.5 சதவீதம் மட்டுமே. ஒரே மருத்துவமனையின் சிறிய ஆய்வுதான். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

தசையின் பரப்போடு அதன் தரமும் முக்கியம் என்பதை 2012-இல் மெக்டெர்மாட் குழு காட்டியது. 434 நோயாளிகளின் கெண்டைக்காலை சி.டி.யில் படமெடுத்துத் தசையின் அடர்த்தியை அளந்தார்கள். தசைக்குள் கொழுப்பு ஊடுருவ ஊடுருவ அடர்த்தி குறையும். சுமார் 4 ஆண்டுகளில் 103 பேர் இறந்தார்கள். அடர்த்தி மிகக் குறைவாக இருந்த மூன்றிலொரு பங்கினர் இறக்கும் வாய்ப்பு, அடர்த்தி மிகுந்தவர்களைவிட 1.8 மடங்கு. வயது, மற்ற நோய்கள், நடமாட்டம், கணுக்கால் அழுத்த எண் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு நிலைத்தது. அடைப்பின் அளவு சொல்லாத ஒன்றைத் தசை சொல்கிறது என்பதே இதன் பொருள். பாதத்தை அழுத்தி ஊன்றும் வலு குறைந்தவர்களும், கைப்பிடி வலு குறைந்தவர்களும்கூட அதிகம் இறந்தார்கள். ரத்த ஓட்டம் குறைந்தது காலில், பலவீனம் கையில். நோய் கால் எல்லையைத் தாண்டிவிட்டதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் வேண்டுமா?

பிறகு வந்த தொகுப்பாய்வுகள் கால் அடைப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தசைக்குறைவு இருப்பதாகக் கணக்கிட்டன. இவற்றின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டது. பெரும்பாலானவை பழைய ஸ்கேன்களைத் திரும்பப் புரட்டியவை. ஸ்கேன் எடுக்கப்பட்டவர்கள் ஏற்கெனவே நோய் முற்றியவர்கள். ஆனாலும் நாடு மாறினாலும் அளக்கும் முறை மாறினாலும் முடிவுகள் பெரும்பாலும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

தசை ஏன் கரைகிறது, கரைந்தால் ஏன் ஆயுள் குறைகிறது

நோயாளி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் கெண்டைக்கால் தசைக்குத் தேவையான ரத்தம் வருவதில்லை. வலி தாங்காமல் நிற்கிறார். ரத்தம் திரும்பப் பாய்கிறது. ரத்தம் வற்றுவதும் பாய்வதுமாக நாள்தோறும் நடக்கும் இந்தச் சுழற்சியில் தசைச் செல்களுக்குள் சேதம் விளைவிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகுகின்றன. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா முதலில் அடிபடுகிறது. நெப்ராஸ்காவில் இராக்லிஸ் பிபினோஸ் குழு உள்பட பலர் நோயாளிகளின் கெண்டைக்கால் தசையிலிருந்து சிறு துண்டெடுத்து இந்தச் சேதத்தைக் காட்டியிருக்கிறார்கள். தசை நார்கள் சுருங்குகின்றன. அவற்றுக்கு வரும் நரம்பு முனைகள் கெடுகின்றன. காலியான இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் குடியேறுகின்றன.

வலிக்குப் பயந்து நோயாளி நடப்பதைக் குறைப்பது அடுத்த அடி. உடலெங்கும் மெல்லிய அழற்சி, சர்க்கரை நோய், புகை, சிறுநீரகக் கோளாறு, பசியின்மை எல்லாம் சேர்ந்து, காலில் தொடங்கிய கரைவை உடல் முழுக்கக் கொண்டுபோகின்றன.

தசை கரைவதால் நடை மட்டும் பாதிக்கப்படுவதில்லை. சாப்பிட்ட பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். காய்ச்சல், கிருமித் தொற்று, அறுவை சிகிச்சை என்று உடலுக்கு நெருக்கடி வரும்போது, புண்ணை ஆற்றவும் எதிர்ப்புச் சக்தியை உருவாக்கவும் தேவையான புரத மூலப்பொருள் தசையிலிருந்தே எடுக்கப்படுகிறது. பஞ்சத்துக்கென்று குதிரில் சேர்த்துவைத்த நெல் அது. குதிர் காலியான வீட்டில் ஒரு சின்னத் தொற்றுகூடப் பேரிழப்பாக முடியும். தசையின் இழப்பு மரணத்துக்குக் காரணமா, நெருங்கிவரும் மரணத்தின் அடையாளமா என்ற விவாதம் முடியவில்லை. இரண்டுமே என்றுதான் சான்றுகள் சொல்கின்றன.

நம் உடலும் ஐரோப்பிய எண்களும்

2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது. புனேயின் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனின் ஜான் யுட்கின் என்ற இரு மருத்துவ விஞ்ஞானிகள் அருகருகே நிற்கிறார்கள். இருவரின் பி.எம்.ஐ.யும் 22.3. ஸ்கேனில் அளந்தபோது யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடலில் 21.2 சதவீதம். இந்திய உடலைப் பற்றிப் பல பக்கங்களில் எழுத வேண்டியதை அந்தப் படம் ஒரே பார்வையில் சொல்லிவிட்டது. கை கால் மெலிந்து, வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்து, தசை குறைவாக இருக்கும் உடல்வாகு தெற்காசியர்களிடம் பரவலாக உண்டு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு அதே ஆண்டில், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லிருந்தே எச்சரிக்கை தேவை என்றது.

கால் அடைப்புக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் கவலை கூடுகிறது. ஐரோப்பிய ஆய்வில் 'இயல்பு எடை' என்ற வரிசையில் வரும் நம் ஊர் நோயாளி, உண்மையில் கொழுப்பு மிகுந்து தசை குறைந்தவராக இருக்கலாம். பல ஆண்டுகள் சர்க்கரையோடு வாழ்ந்து தொப்பை விழுந்து கெண்டைக்கால் சூம்பிப்போனவரைப் பார்த்து, எடை சரியாக இருக்கிறது என்று திருப்தியடைவதும் தவறு. எடையைக் குறையுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புவதும் தவறு. அவர் இரண்டு வேளை கஞ்சிக்கு மாறி 6 கிலோ குறைத்தால், அதில் கணிசமான பங்கு அவரால் இழக்க முடியாத தசையாக இருக்கும்.

அளப்பதற்கு எளிய கருவிகளே போதும்

எல்லா ஊரிலும் சி.டி. கிடையாது, தசையை அளப்பதற்கென்றே ஸ்கேன் எடுக்கவும் தேவையில்லை. தசைக்குறைவுக்கான ஆசியப் பணிக்குழு 2019-இல் எளிய எல்லைகளை வகுத்துத் தந்தது. கெண்டைக்காலின் பெருத்த இடத்தில் சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33-க்கும் கீழே இருந்தால் சந்தேகப்பட வேண்டும். கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும், பெண்களுக்கு 18-க்கும் கீழே இருந்தால் பலவீனம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும் அப்படியே.

கால் அடைப்பு நோயாளிகளிடம் இவற்றைக் கவனத்தோடு பயன்படுத்த வேண்டும். வலி தாங்காமல் இரவில் காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டுத் தூங்குபவருக்குக் கால் வீங்கியிருக்கும். சுற்றளவு பொய் சொல்லும். நாற்காலியிலிருந்து மெதுவாக எழுவதற்குக் கால் வலியே காரணமாக இருக்கலாம். கைப்பிடி வலுவை இவை இரண்டும் தொடுவதில்லை என்பதால், இவர்களுக்கு அதுவே நம்பகமான எளிய அளவு என்பேன். கால் அகற்றப்பட்டவர்களிடம் தராசும் ஏமாற்றும். முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதி உடல் எடையில் சுமார் 6 சதவீதம். தொடையோடு சேர்ந்த முழுக் கால் சுமார் 16 சதவீதம். முழுக் காலை இழந்தவர் 59 கிலோ இருந்தால், முழு உடலுக்கு அது ஏறத்தாழ 70 கிலோவுக்குச் சமம்.

நடை, வலு, உணவு

முதலில் செய்ய வேண்டியவை மாறவில்லை. புகையை நிறுத்துவது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேடின், ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை, ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது. உயிர் காப்பதில் உறுதியான சான்று இருப்பது இவற்றுக்குத்தான்.

அடுத்தது நடைப்பயிற்சி. டென்மார்க்கின் லார்சன், லாசன் இருவரும் 1966-லேயே, நடக்கச் சொல்லப்பட்ட நோயாளிகளால் கூடுதல் தூரம் நடக்க முடிந்ததை ஒப்பீட்டு ஆய்வில் காட்டினார்கள். வலி வரும்வரை நடந்து, நின்று ஆற்றிக்கொண்டு, மீண்டும் நடப்பது. வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 30 முதல் 45 நிமிடம், குறைந்தது 12 வாரம். ஆறாத புண் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. 2009-இல் மெக்டெர்மாட் குழு 156 பேரிடம் நடைக் கருவிப் பயிற்சியையும் எடை தூக்கும் பயிற்சியையும் ஒப்பிட்டது. நடைப்பயிற்சி 6 நிமிடத்தில் நடக்கும் தூரத்தைக் கூட்டியது. எடைப் பயிற்சி படியேறும் திறனை மேம்படுத்தியது. இரண்டுக்கும் இடமுண்டு.

உணவில் புரதம் நம் தட்டில் எப்போதும் இளைத்தே இருக்கிறது. முதியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்களின் பரிந்துரை. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையிலோ ஒரு டம்ளர் பாலிலோ சுமார் 6 கிராம்தான் இருக்கிறது. சோற்றுக்கு நடுவே தெரியும் சாம்பார் பருப்பை மட்டும் நம்பினால் கணக்கு எட்டாது. பயறு, சுண்டல், மீன், முட்டை, தயிர் எல்லாம் வேளைதோறும் வர வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்கள் மட்டும் இந்த அளவை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

எடை குறைக்கும் புதிய மருந்துகளும் இந்த நோய்க்குள் நுழைந்துவிட்டன. சர்க்கரையும் கால் அடைப்பும் உள்ள 792 பேரிடம் செமாகுளுடைடைச் சோதித்த ஸ்ட்ரைட் ஆய்வு 2025-இல் வெளிவந்தது. ஓராண்டு முடிவில், மருந்து பெற்றவர்களின் அதிகபட்ச நடைத் தூரத்தில் ஏற்பட்ட முன்னேற்றம், போலி மருந்து பெற்றவர்களைவிட 13 சதவீதம் மேலாக இருந்தது. நல்ல செய்தி. ஆனால் எந்த வழியில் எடை குறைந்தாலும் கொழுப்போடு தசையும் போகிறது. ஏற்கெனவே தசை குறைந்தவருக்கு இந்த மருந்தை எழுதும்போது வலுப் பயிற்சியும் புரதமும் அதே சீட்டில் எழுதப்பட வேண்டும்.

இனி வேண்டியவை

தசை குறைந்தவர் விரைவில் இறக்கிறார் என்பது வரைக்கும் சான்று இருக்கிறது. தசையைத் திரும்பக் கட்டினால் ஆயுள் கூடுமா என்பதை மரணத்தையே அளவாக வைத்துக் காட்டும் பெரிய சோதனை இன்னும் வரவில்லை. அதை நடத்தப் பொருத்தமான இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. சர்க்கரை நோயாளிகள் இங்கே ஏராளம். அவர்களின் வீட்டுக்கே மாத்திரையோடும் பிசியோதெரபியோடும் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-லிருந்து நடக்கிறது. அப்படிப் போகும் பணியாளரின் பையில் ஓர் அளவு டேப்பையும் கைப்பிடி வலுமானியையும் சேர்ப்பது பெரிய செலவில்லை.

அந்தச் சோதனை முடிவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. நடையும் வலுப் பயிற்சியும் போதிய புரதமும் நோயாளியைக் கூடுதல் தூரம் நடக்கவும் படியேறவும் அறுவை சிகிச்சையைத் தாங்கவும் உதவுபவை. ஆயுளும் கூடினால் அது மேலும் ஆதாயம். ஆகவே கால் அடைப்பு உள்ள ஒவ்வொருவரின் நோய்ச் சீட்டிலும் கணுக்கால் அழுத்த எண்ணுக்குப் பக்கத்தில் கைப்பிடி வலுவும் கெண்டைக்கால் சுற்றளவும் எழுதப்பட வேண்டும். 6 மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்கப்பட வேண்டும். எடை குறைந்திருக்கிறது என்று நோயாளி மகிழ்ச்சியோடு சொல்லும்போது, குறைந்தது எது என்று கேட்டுப் பார்ப்பது மருத்துவரின் கடமை. அதைக் கேட்கச் சொல்வது நோயாளியின் உரிமை.